இலங்கை கிரிக்கெட்டின் சரிவு: சிங்கப்பூர் ரசிகர் வாதங்களை முன்வைத்து

2023 செப்டம்பர் 17 அன்று கொழும்பில் நடந்த ஆசியக் கிண்ண இறுதியாட்டத்தில் இலங்கை அணி இந்தியாவிடம் 50 ஓட்டங்களுக்குச் சுருண்டது. ஏழு வாரம் முடிவதற்குள், நவம்பர் 2 அன்று மும்பை வான்கடே அரங்கில், உலகக் கிண்ணப் போட்டியில் அதே இந்தியாவிடம் 55 ஓட்டங்களுக்கு ஆட்டமிழந்து 302 ஓட்ட வித்தியாசத்தில் தோற்றது. சிங்கப்பூரில் இலங்கை அணியைப் பற்றிய வாக்குவாதம் எங்கே தொடங்கினாலும் இந்த இரண்டு எண்களைத் தொடாமல் முடிவதில்லை. தேக்காவில் ஞாயிற்றுக்கிழமை கூடும் தமிழ்நாட்டு ஊழியருக்கு அவை சீண்டுவதற்கான கருவி. லெம்பு சாலைப் பக்கம் கூடும் பங்ளாதேஷ் ஊழியர், அதே நவம்பரில் டெல்லியில் தங்கள் அணிக்கு எதிராக ஏஞ்சலோ மேத்யூஸ் ஒரு பந்தைக்கூடச் சந்திக்காமல் நேரம் கடந்ததற்காக ஆட்டமிழந்ததையும் சேர்த்துக்கொள்வார். யாழ்ப்பாண வம்சாவளித் தமிழருக்கும் கொழும்பிலிருந்து வேலைக்கு வந்த சிங்களவருக்கும் பதில் சொல்லும் பொறுப்பு வாய்க்கிறது. பதில்களும் பழகியவைதான்: சங்கக்காரவும் மஹேலவும் போய்விட்டார்கள், ஐபிஎல் பணம் ஆட்டத்தையே விழுங்கிவிட்டது, அரசியல்வாதிகள் வாரியத்தைச் சூறையாடினார்கள், சின்ன நாடு, அதற்கு மேல் என்ன எதிர்பார்ப்பது. இவை ஒவ்வொன்றிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. ஆனால் எல்லாவற்றையும் கூட்டினாலும் முழு விடை கிடைக்காது. இலங்கையில் அறுந்தது பள்ளிக்கும் தேசிய அணிக்கும் நடுவே இருக்க வேண்டிய ஆட்டத் தளம். அதை விட்டுவிட்டு எதைப் பேசினாலும் நோயை விட்டு அறிகுறியைப் பேசுவதாகவே முடியும்.

சரிவை அளக்க உச்சம் எங்கே என்று தெரிய வேண்டும். அந்த உச்சத்தின் ஒரு பகுதி இந்த ஊரிலேயே நடந்தது. 1996 மார்ச் 17 அன்று லாகூரில் ஆஸ்திரேலியாவை ஏழு விக்கெட் வித்தியாசத்தில் வென்று இலங்கை உலகக் கிண்ணத்தை எடுத்தது. பதினாறு நாள் கழித்து, ஏப்ரல் 2 அன்று, பாடாங் திடலில் சிங்கர் கிண்ணத்துக்காகப் பாகிஸ்தானைச் சந்தித்தது. சனத் ஜயசூரிய 48 பந்தில் சதம் அடித்தார். அன்றைக்கு அது ஒருநாள் ஆட்டத்தின் அதிவேக சதம். 65 பந்தில் 134, அதில் 11 சிக்ஸர், அணி 349. ஐந்து நாள் கழித்து இறுதியாட்டத்தில் 17 பந்தில் அரைச்சதம் போட்டார். அந்தச் சாதனை 2015 வரை நின்றது. முதல் விக்கெட் 70 ஓட்டத்தில் விழுந்தபோது மறுமுனையில் ஆட்டமிழந்த களுவிதாரணவின் கணக்கு பூஜ்யம். பாடாங்கின் எல்லைக்கோடு குட்டை என்று சிலர் அப்போதே முணுமுணுத்தார்கள். ஆனால் எல்லைக்கோடு இரு அணிக்கும் ஒன்றுதானே. இத்தனைக்கும் அந்த இறுதியாட்டத்தில் இலங்கை 43 ஓட்டத்தில் தோற்றது என்பதைப் பலர் மறந்துவிட்டார்கள். அதிலேயே பின்னால் வரப்போகும் ஒன்று தெரிந்தது: ஒரு மாமனிதர் ஆட்டமிழந்ததும் மீதி அணி 216 என்ற இலக்குக்கு முன்னால் தடுமாறியது.

சரிவு உண்மையா என்று கேட்பவர்களும் இருக்கிறார்கள். வரிசையைப் பார்த்தால் சந்தேகத்துக்கு இடமில்லை. 2007, 2011 உலகக் கிண்ண இறுதியாட்டங்கள், 2009, 2012 இருபது ஓவர் இறுதியாட்டங்கள், 2014 ஏப்ரலில் டாக்காவில் இந்தியாவை வென்று எடுத்த இருபது ஓவர் உலகக் கிண்ணம் என்று எட்டு ஆண்டுகளில் ஐந்து இறுதியாட்டம். 2017இல் சொந்த மண்ணில் சிம்பாப்வேயிடம் ஒருநாள் தொடரை 3-2 என்று இழந்தது. அடுத்த மாதங்களில் இந்தியா வந்து மூன்று டெஸ்ட், ஐந்து ஒருநாள், ஒரு இருபது ஓவர் என ஒன்பது ஆட்டத்தையும் வென்றுபோனது. 2021, 2022 இருபது ஓவர் உலகக் கிண்ணங்களில் முதல் சுற்றில் நமிபியா, நெதர்லாந்து போன்றவற்றோடு தகுதிக்காக ஆட வேண்டியிருந்தது. 2023 உலகக் கிண்ணத்துக்கும் சிம்பாப்வேயில் தகுதிச் சுற்று ஆடித்தான் போக முடிந்தது. அந்த உலகக் கிண்ணத்தில் ஒன்பதாவது இடம். அதனால் 2025 சாம்பியன்ஸ் கிண்ணத்தில் இடமே இல்லை. நடுவே 2019இல் தென்னாப்பிரிக்காவில் டெஸ்ட் தொடரை 2-0 என்று வென்ற முதல் ஆசிய அணி என்ற பெருமையும் வந்தது. 2022 செப்டம்பரில் நாடே எரிபொருளுக்கு வரிசையில் நின்ற நேரத்தில் ஆசியக் கிண்ணத்தையும் வென்றது. அதே அணி அடுத்த மாதம் ஜீலாங்கில் நமிபியாவிடம் 55 ஓட்டத்தில் தோற்றது. திறமை இருக்கிறது, நிலைத்தன்மை இல்லை என்பதை இதைவிடத் தெளிவாக எந்த வரிசையும் காட்டாது.

பெரியவர்கள் போய்விட்டார்கள் என்ற விளக்கத்தை முதலில் எடுத்துக்கொள்வோம். முரளிதரன் 2010 ஜூலையில் காலியில் 800ஆவது விக்கெட்டோடு டெஸ்டை விட்டார். மஹேல 2014இல், சங்கக்கார 2015இல். ஐந்தாண்டுக்குள் இத்தனை பெரிய ஆட்டக்காரர்களை இழந்தால் எந்த அணியும் தள்ளாடும் என்பது சரிதான். ஆனால் இந்தியாவும் 2008க்கும் 2013க்கும் இடையில் கும்ப்ளே, கங்குலி, டிராவிட், லட்சுமண், டெண்டுல்கர் ஐவரையும் இழந்தது. இரண்டு ஆண்டு தடுமாறிய பிறகு எழுந்தது. மூத்தவர் ஓய்வு பெறுவது எல்லா அணிக்கும் வரும் இயற்கை. அடுத்தவர் எங்கிருந்து வருகிறார் என்பதில்தான் வித்தியாசம்.

இந்திய ரசிகருக்குப் பிடித்த விளக்கம் பணம். சர்வதேச கிரிக்கெட் மன்றம் 2024 முதல் 2027 வரை பகிரும் வருவாயில் இந்தியாவுக்குச் சுமார் 38.5 விழுக்காடு, இலங்கைக்கு ஐந்து விழுக்காட்டுக்கும் குறைவு. இந்த ஏற்றத்தாழ்வு அநியாயமானது என்றே நினைக்கிறேன். ஆனால் இலங்கையின் சரிவுக்கு அது காரணமாகாது. ஏனெனில் இந்தப் பங்கீடு வருவதற்குப் பல ஆண்டு முன்பே சரிவு தொடங்கிவிட்டது. மேலும் இலங்கை கிரிக்கெட் வாரியம் அந்த நாட்டில் ஏழை அமைப்பு அல்ல. மற்ற விளையாட்டு அமைப்புகள் பொறாமைப்படும் அளவுக்கு வசதியானது. நியூசிலாந்தின் பங்கும் இந்தியாவோடு ஒப்பிடும்போது சொற்பம்தான். மக்கள்தொகை சுமார் 50 லட்சம். அங்கே முதல்தர அணிகள் ஆறே ஆறு. அந்த நாடு 2021இல் சவுத்தாம்ப்டனில் இந்தியாவை வென்று முதல் உலக டெஸ்ட் வெற்றியாளர் ஆனது. 'சின்ன நாடு' என்ற வாதமும் இதே எடுத்துக்காட்டில் விழுந்துவிடுகிறது.

பணமே எல்லாம் என்பவருக்குச் சிங்கப்பூரைவிட நல்ல மறுப்பு வேண்டாம். இந்த ஊரில் கிரிக்கெட் புதிது அல்ல. சிங்கப்பூர் கிரிக்கெட் கிளப் 1852இல் தொடங்கியது. பாலஸ்டியர் சாலையில் இந்தியர் சங்கமும் சிலோன் ஸ்போர்ட்ஸ் கிளப்பும் அருகருகே திடல் வைத்திருக்கின்றன. மலேசியாவோடு சௌடாரா கிண்ணம் 1970இல் தொடங்கியது. 1996க்குப் பிறகு 1999இலும் 2000இலும் காலாங்கில் பன்னாட்டு முத்தரப்புப் போட்டிகள் நடந்தன; இந்தியா, பாகிஸ்தான், தென்னாப்பிரிக்கா எல்லாம் வந்து ஆடின. 2001இல் இந்திய அரசு, சூதாட்டச் சர்ச்சையின் சூட்டில், சார்ஜா, சிங்கப்பூர், டொரன்டோ போன்ற இடங்களில் தன் அணி ஆடக்கூடாது என்று சொன்னதும் அந்த ஆசை அணைந்தது. அதற்குப் பிறகும் இங்கே பணத்துக்கோ ரசிகருக்கோ குறைவில்லை. 2019 செப்டம்பர் 29 அன்று இந்தியர் சங்கத் திடலில் சிம்பாப்வேயை நான்கு ஓட்டத்தில் வென்றது சிங்கப்பூர் கிரிக்கெட்டின் பெரிய நாள். ஆனாலும் சர்வதேச கிரிக்கெட் மன்றத்தின் முழு உறுப்பு நாடாகும் பேச்சே இங்கு இல்லை. காரணம் வெளிப்படை: பள்ளி மாணவர் பல்லாயிரம் பேர் வாரந்தோறும் ஆடும் பழக்கமும் இல்லை, அதற்கு மேலே நான்கு நாள் ஆட்டம் ஆடும் அடுக்கும் இல்லை.

டிம் டேவிட்டின் கதை இதை இன்னும் துல்லியமாகச் சொல்கிறது. அவர் சிங்கப்பூரில் பிறந்தது 1996 மார்ச் 16, அதாவது இலங்கை உலகக் கிண்ணம் வென்றதற்கு முந்தைய நாள். தந்தை ராட் டேவிட் 1997இல் கோலாலம்பூரில் ஐசிசி டிராஃபியில் சிங்கப்பூருக்கு ஆடியவர். மகனுக்கு இரண்டு வயதில் குடும்பம் பெர்த்துக்குப் போனது. மேற்கு ஆஸ்திரேலியாவின் வட்டார கிரிக்கெட்டில் வளர்ந்தவர், பிறகு சிங்கப்பூருக்காகப் பதினான்கு இருபது ஓவர் ஆட்டங்கள் ஆடினார். 2022இல் ஆஸ்திரேலிய அணிக்குப் போனார். இங்கேயே வளர்ந்திருந்தால் அதே கையும் அதே கண்ணும் எங்கே போய்ச் சேர்ந்திருக்கும்? சிங்கப்பூரில் பள்ளி ஆட்டம் என்ற கீழ்ப்படியும் இல்லை, நான்கு நாள் ஆட்டம் என்ற நடுப்படியும் இல்லை. இலங்கையில் கீழ்ப்படி மிக வலுவானது; ராயல் கல்லூரியும் செயின்ட் தாமஸும் 1879 முதல் மோதுகின்றன, யாழ்ப்பாணத்தில் மத்திய கல்லூரிக்கும் பரியோவான் கல்லூரிக்கும் இடையிலான 'வடக்கின் பெருஞ்சமர்' 1904 முதல் நடக்கிறது. அங்கே இல்லாதது நடுப்படி ஒன்றுதான்.

இனி அந்த நடுப்படியைப் பார்க்கலாம். இலங்கையின் முதல்தர ஆட்டம் மாகாணங்களுக்கிடையே அல்ல, கிளப்புகளுக்கிடையே நடந்துவந்தது. அவற்றில் பெரும்பான்மை கொழும்பிலும் சுற்றுப்புறத்திலும் இருப்பவை. எண்ணிக்கை ஒரு கட்டத்தில் இருபதைத் தாண்டியது. சுமார் 2.2 கோடி மக்களுக்கு இருபதுக்கு மேல் முதல்தர அணி என்றால், ஒரு சுற்றில் இருநூற்றுக்கும் அதிகமானோர் 'முதல்தர' ஆட்டக்காரர் ஆகிறார்கள். ஆஸ்திரேலியாவில் ஆறு மாநில அணி, அறுபத்தாறு பேர். அந்த அறுபத்தாறில் ஒருவனாக இடம் பிடிப்பவன் ஒவ்வொரு வாரமும் தன்னைவிடத் தேர்ந்த பந்துவீச்சைச் சந்திக்கிறான். இலங்கையில் பலவீனமான பந்துவீச்சில் குவித்த ஓட்டம் தேர்வுக்குழுவுக்கு எதையும் சொல்லாத ஓட்டம். இதைச் சங்கக்காரவும் மஹேலவும் பல ஆண்டாகச் சொல்லி வருகிறார்கள். எல்லாருக்கும் தெரிந்த குறை ஏன் தீரவில்லை என்றால், கிளப்புகள்தான் வாரியத் தேர்தலின் வாக்காளர். நூற்றுக்கும் மேற்பட்ட வாக்குகள் கொண்டிருந்த அந்த அமைப்பில், முதல்தரத் தகுதி ஒரு கிளப்புக்கு நிதியும் செல்வாக்கும் தருவது. அதைப் பறித்து அணிகளைக் குறைக்கும் நிர்வாகி அடுத்த தேர்தலில் தன் பதவியை இழப்பார். யாரும் திருடாமலேயே ஆட்டம் கெட இவ்வளவு போதும். 'அரசியல்வாதி சூறையாடினான்' என்று கோபப்படுபவர் கவனிக்கத் தவறுவது இந்தச் சாதுவான கணக்கைத்தான்.

அரசியல்வாதிகள் குற்றமற்றவர் என்று இதற்குப் பொருள் இல்லை. 1973ஆம் ஆண்டு விளையாட்டுச் சட்டப்படி தேசிய அணியின் பெயர்ப்பட்டியலுக்கே அமைச்சர் ஒப்புதல் வேண்டும். வாரியத்தைக் கலைத்து இடைக்காலக் குழு அமைப்பது அங்கே ஒரு மரபாகவே ஆகிவிட்டது. 2008இல் அர்ஜுன ரணதுங்க தலைமையில், 2015இல் சிதத் வெத்தமுனி தலைமையில். வான்கடே தோல்விக்கு நான்கு நாள் கழித்து, 2023 நவம்பர் 6 அன்று விளையாட்டு அமைச்சர் ரொஷான் ரணசிங்க வாரியத்தை நீக்கி மறுபடி ரணதுங்கவிடம் கொடுத்தார். மறுநாளே நீதிமன்றம் தடுத்தது. நவம்பர் 10 அன்று சர்வதேச கிரிக்கெட் மன்றம் இலங்கையை இடைநீக்கம் செய்தது. 19 வயதுக்குட்பட்டோர் உலகக் கிண்ணம் தென்னாப்பிரிக்காவுக்குப் போனது. மாத இறுதியில் அமைச்சரே பதவி இழந்தார். தடை நீங்க 2024 ஜனவரி ஆனது. இத்தனை களேபரமும் உள்நாட்டு அணிகளின் எண்ணிக்கை பற்றியதாக இல்லை என்பதுதான் வேடிக்கை.

இங்கே ஒரு வலுவான எதிர்வாதம் உண்டு, அதைத் தாண்டிப் போக முடியாது. இதே கிளப் அமைப்பும் இதே அமைச்சர் தலையீடும் இருந்தபோதுதானே 1996இலும் 2014இலும் கிண்ணம் வந்தது? அமைப்புதான் காரணம் என்றால் அப்போது ஏன் தோற்கவில்லை? இதற்கு இரண்டு பதில். முதலாவது, அந்தக் காலத்து இலங்கை நடுப்படியைத் தாண்டிக் குதித்த சிலரால் ஆனது. ரணதுங்க 1982இல் நாட்டின் முதல் டெஸ்டில் ஆடியபோது இன்னும் ஆனந்தா கல்லூரி மாணவர். முரளியின் மணிக்கட்டையோ மாலிங்கவின் கை வீச்சையோ எந்த லீக்கும் உருவாக்கவில்லை. இப்படிப்பட்டவர் நான்கைந்து பேர் ஒரே நேரத்தில் கிடைத்தது அதிர்ஷ்டம். இரண்டாவதும் முக்கியமானதுமான பதில், அன்று மற்ற நாடுகளின் நடுப்படியும் அப்படியொன்றும் ஒழுங்காக இல்லை. இங்கிலாந்து தேசிய ஒப்பந்தம் கொண்டுவந்தது 2000இல். பெங்களூரில் தேசிய கிரிக்கெட் அகாடமி தொடங்கியதும் அதே ஆண்டு. சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டியிலிருந்து நடராஜன் ஆஸ்திரேலியா வரை போனதற்கும், கட்டடக் கலைஞராக இருந்த வருண் சக்கரவர்த்தி பந்துவீச்சாளர் ஆனதற்கும் 2016இல் வந்த தமிழ்நாடு பிரீமியர் லீக் ஒரு வழி. மற்றவர் முறையாகப் படிகட்டிய இருபது ஆண்டில் இலங்கை கட்டவில்லை. ஆகவே இலங்கை கீழே இறங்கியது பாதி, மற்றவர் மேலே ஏறியது பாதி. தேக்காவின் வாதங்களில் இந்தப் பின்பாதியைச் சொல்பவர் அரிது.

நடுப்படி என்பது இளைஞரை ஏற்றிவிடுவதற்கு மட்டுமல்ல, விழுந்தவரைத் தாங்குவதற்கும்தான். மார்வன் அத்தபத்து 1990இல் தொடங்கிய டெஸ்ட் வாழ்க்கையின் முதல் ஆறு இன்னிங்ஸில் எடுத்தது மொத்தம் ஒரே ஓட்டம். ஆண்டுக் கணக்கில் உள்நாட்டு ஆட்டத்தில் கிடந்து திரும்பி வந்து ஆறு இரட்டைச் சதம் அடித்தார். காமிந்து மெண்டிஸ் 2022இல் காலியில் முதல் டெஸ்டில் 61 அடித்தும் ஒதுக்கப்பட்டார். 2024 மார்ச்சில் சில்ஹெட்டில் திரும்பி வந்து இரு இன்னிங்ஸிலும் சதம் அடித்து, அந்த ஆண்டே 13 இன்னிங்ஸில் ஆயிரம் ஓட்டம் எட்டினார். இவர்கள் தப்பியவர்கள். 2017இல் இந்தியாவுக்கு எதிராக ஐந்து ஆட்டத் தொடரில் தரங்க, கபுகெதர, மாலிங்க என மூன்று தலைவர்களை மாற்றிய (தடையும் காயமும் காரணம் என்றாலும்) பதற்றச் சூழலில் ஒதுக்கப்பட்டவர் எத்தனை பேர் திரும்பவே இல்லை என்று கணக்கெடுப்பார் இல்லை.

சிங்கப்பூர்த் தமிழரிடையே இந்த வாதம் வெறும் கிரிக்கெட்டாக நிற்பதில்லை என்பதையும் ஒளிக்க வேண்டியதில்லை. 2009இல் போர் முடிந்த பிறகு இலங்கை அணி தோற்றால் மகிழும் தமிழர் உண்டு. அந்த மகிழ்ச்சிக்கு அவர்களிடம் காரணமும் உண்டு. 2013 ஐபிஎல்லில் இலங்கை ஆட்டக்காரர் சென்னையில் ஆடக்கூடாது என்று ஜெயலலிதா அரசு சொன்னது அந்த உணர்ச்சியின் அரசியல் வடிவம். உணர்ச்சி அவரவருடையது, அதில் தீர்ப்பு சொல்ல எனக்கு விருப்பமில்லை. ஆனால் அது ஆய்வு ஆகாது. 'சிங்கள அணி' என்று ஒதுக்கும்போது நம் பங்கையும் சேர்த்தே ஒதுக்குகிறோம். இலங்கையின் முதல் டெஸ்ட் நடந்த பி. சரா ஓவல், பாக்கியசோதி சரவணமுத்துவின் பெயரால் அமைந்த, தமிழ் யூனியன் கிளப்பின் திடல். 1948இல் பிராட்மனின் ஆஸ்திரேலியாவுக்கு எதிராகச் சிலோன் அணிக்குத் தலைமை தாங்கியவர் மகாதேவன் சதாசிவம். அதற்கு முந்தைய ஆண்டு சேப்பாக்கத்தில் தென்னிந்திய அணிக்கு எதிராக 215 அடித்தவர். பின்னாளில் சிங்கப்பூருக்கும் மலாயாவுக்கும்கூட அணித்தலைவரானவர். 1953 முதல் ஏறத்தாழ முப்பது ஆண்டு, கோபாலன் கிண்ணத்துக்காகச் சென்னையும் சிலோனும் ஆடின. டெஸ்ட் தகுதி கிடைக்கும் வரை இலங்கைக்கு நடுப்படியாக இருந்தவற்றில் ஒன்று தமிழ்நாடு. வடக்கு மாகாணம் போரால் ஏறத்தாழ முப்பது ஆண்டு அந்த வரைபடத்திலிருந்தே அழிந்ததும் சரிவின் ஒரு பகுதி; நாட்டின் ஒரு பகுதியை மூடிவைத்துவிட்டு ஆட்டக்காரரைத் தேடினார்கள்.

2024ஐக் காட்டி, சரிவு முடிந்துவிட்டதே என்பார்கள். அந்த ஆகஸ்டில் கொழும்பில் இந்தியாவை ஒருநாள் தொடரில் 2-0 என்று வென்றது இலங்கை, 27 ஆண்டில் முதல் முறை. செப்டம்பரில் ஓவலில் இங்கிலாந்தை வென்றது, நியூசிலாந்தை 2-0 என்று அடித்தது. யானை படுத்தாலும் குதிரை மட்டம் என்று பூரிக்கலாம். 2022இல் கொழும்பு, கண்டி, காலி, தம்புள்ள, யாழ்ப்பாணம் என்று ஐந்து அணிகளோடு தேசிய சூப்பர் லீக் தொடங்கியதும் இதற்கு உதவியது என்பது என் ஊகம். இரண்டு மூன்று ஆண்டு முடிவை வைத்து நிரூபிக்க முடியாது. அதே 2024இல்தான் இருபது ஓவர் உலகக் கிண்ணத்தின் முதல் சுற்றிலேயே வெளியேறினார்கள் என்பதையும் பூரிப்பவர் நினைவில் வைக்க வேண்டும். கேலி செய்யும் தமிழ்நாட்டு ரசிகரும் கொஞ்சம் அடங்கலாம். இலங்கையைப் போல் மும்மடங்குக்கு மேல் மக்கள்தொகை கொண்ட தமிழ்நாடு ரஞ்சிக் கிண்ணத்தைக் கடைசியாக வென்றது 1987-88இல். இந்திய அணியும் தப்பவில்லை: நியூசிலாந்து 2024இல் இந்தியாவை அதன் சொந்த மண்ணிலேயே 3-0 என்று துடைத்துப் போனது.

2025 செப்டம்பரில் மண்டைதீவில் யாழ்ப்பாணச் சர்வதேச கிரிக்கெட் அரங்கின் பணி தொடங்கியது. யாழ்ப்பாண மத்திய கல்லூரியில் படித்த விஜயகாந்த் வியாஸ்காந்த் லங்கா பிரீமியர் லீக் வழியாக 2024இல் ஐபிஎல் வரை போனது தற்செயலாகவே நின்றுவிடக்கூடாது என்றால், அரங்கைவிட அவசரம், ஆண்டுதோறும் நான்கு நாள் ஆட்டம் ஆடும் நிரந்தர வட மாகாண அணி. இலங்கை வாரியத்திடம் இதைக் கேட்கும் உரிமை இங்குள்ள யாழ்ப்பாண வம்சாவளித் தமிழருக்கு நிச்சயமாக உண்டு. பாலஸ்டியர் சாலையில் அவர்கள் முன்னோர் தொடங்கிய கிளப்பும் அதன் திடலும் இன்னும் இருக்கின்றன. அங்கிருந்தே அந்தக் கேள்வி கொழும்புக்குப் போகட்டும்.